கணக்கு அறையை விட்டு வெளியே வந்த நால்வர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கம்ப்யூட்டர் என்பது ஒரு காலத்தில் பதவியின் பெயர். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டனில் இருக்கும் லாங்லி விமான ஆய்வுக்கூடத்தில் 1935ல் ஐந்து பெண்களைக் கொண்டு ஒரு கணக்குப் பிரிவைத் தொடங்கினார்கள். பொறியாளர்கள் சோதனை நடத்துவார்கள். அளவுகள் பதிவான தாள்களும் படச்சுருள்களும் இந்தப் பெண்களின் மேசைக்கு வரும். அவர்கள் ஸ்லைடு ரூல் என்ற நகரும் கணக்கு அளவுகோலையும் மேசைக் கணக்கு இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு பெருக்கி, வகுத்து, வரைபடம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அதைச் செய்தவருக்குத்தான் கம்ப்யூட்டர் என்று பெயர்.

அங்கே வேலை பார்த்த டோரதி வான், மேரி ஜாக்சன், கேத்தரின் ஜான்சன், கிறிஸ்டின் டார்டன் ஆகிய நால்வரைத்தான் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். சினிமா வரைக்கும் போய்விட்ட கதை என்பதால் பலருக்கு மேலோட்டமாகத் தெரிந்திருக்கும். சினிமாவுக்கு வீரம் வேண்டும். எனக்கு வேண்டியது அவர்களுடைய வேலை நாட்களின் கணக்கு. எந்த நேரத்தில், யாரிடம், என்ன கேட்டார்கள்? எதைக் கற்றார்கள்? எது கிடைத்தது, எது கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை?

ஏன் இந்த இடம்? 'உங்கள் தொழில் வளர்ச்சிக்கு நீங்களே பொறுப்பு' என்று சொல்லித்தரும் வகுப்பு ஒன்று எல்லா நிறுவனங்களிலும் நடக்கிறது. உட்கார்ந்து கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே வந்ததும் உறைக்கும். பதவி உயர்வு கொடுப்பது நான் இல்லை, சம்பளத்தைத் தீர்மானிப்பது நான் இல்லை, எந்தப் பிரிவை மூடுவது என்று முடிவு செய்வதும் நான் இல்லை. அப்படியானால் எதற்குப் பொறுப்பு? லாங்லியில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கையில் எதெல்லாம் இல்லை என்பதில் துளியும் குழப்பம் கிடையாது. சட்டமும் வழக்கமும் கோடு கிழித்தே வைத்திருந்தன. அவ்வளவையும் கழித்த பிறகு மிச்சம் என்ன இருந்தது என்று பார்க்க இதைவிடக் கறாரான சோதனைக்களம் எனக்குக் கிடைக்கவில்லை.

அறை

இரண்டாம் உலகப் போர் வந்தபோது விமானங்கள் வேகமாகத் தேவைப்பட்டன. கணக்குப் போட ஆட்கள் போதவில்லை. பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1941ல் 8802ஆம் எண் ஆணையைப் பிறப்பித்திருந்தார். அதன் பிறகுதான் லாங்லி கறுப்பினப் பெண்களைக் கம்ப்யூட்டர்களாக எடுக்க ஆரம்பித்தது. எடுத்தார்களே தவிர, தனி அறையில் உட்கார வைத்தார்கள். மேற்குக் கணக்குப் பிரிவு என்று பெயர். சாப்பிடத் தனி மேசை, தனிக் கழிப்பறை. லாங்லி அப்போது என்.ஏ.சி.ஏ. என்ற அரசு அமைப்பின் கீழ் இருந்தது. 1958ல் அதுதான் நாசாவாக மாறியது.

நிறத்தைத் தாண்டி இன்னொரு சுவரும் இருந்தது, வெள்ளைப் பெண்களுக்கும் சேர்த்து. கணிதப் பட்டத்தோடு வரும் ஆணைத் தொழில்முறைத் தரத்தில், இளநிலைப் பொறியாளர் வரிசையில் சேர்ப்பார்கள். அதே பட்டத்தோடு பெண் வந்தால் அதற்கு ஒரு படி கீழே, கம்ப்யூட்டர். பொறியாளர் பெயரில் ஆய்வறிக்கை வரும். அதன் எண்களைப் போட்டவரின் பெயர் பெரும்பாலும் வராது. தான் போடும் கணக்கு எந்த விமானத்துக்கு, எதற்காக என்பதுகூட எப்போதும் தெரியாது. தாள் வரும், தாள் போகும்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத் தரத்தைவிட, தனி மேசையைவிட, தொழில் வளர்ச்சியை அதிகமாக அடைத்து நின்றது இதுதான் என்பது என் கணிப்பு. வேலையின் முழு உருவமும் கண்ணில் படாதவர் அடுத்த வேலை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

மேரி: ஒரு புலம்பல், அப்புறம் ஒரு மனு

மேரி ஜாக்சன் லாங்லிக்கு வருவதற்குள் பல வேலைகள் பார்த்துவிட்டார். 1942ல் கணிதத்திலும் இயற்பியல் அறிவியலிலும் பட்டம் வாங்கியவர், ஆசிரியர், வரவேற்பாளர், கணக்கர், ராணுவ அலுவலகத்தில் செயலாளர் என்று சுற்றிவிட்டு 1951ல்தான் மேற்குக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தார். இன்றைக்கு அவருடைய சுயவிவரத்தைப் பார்க்கும் மனிதவள அதிகாரி 'ஓர் இடத்தில் நிலைக்காதவர்' என்று ஒதுக்கி வைத்தாலும் ஆச்சரியமில்லை.

சேர்ந்து இரண்டு வருடம் இருக்கும். ஒரு வேலைக்காக வளாகத்தின் கிழக்குப் பக்கம் போனபோது, கழிப்பறை எங்கே என்று அங்கிருந்த வெள்ளைப் பெண்களிடம் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். கறுப்பினப் பெண்களுக்கான கழிப்பறை எங்கே என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோபத்தோடு திரும்பி வரும்போது எதிரே வந்த காசிமியெர்ஸ் சார்னெட்ஸ்கி என்ற பொறியாளரிடம் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். அவர் கேட்டுக்கொண்டு, என்னிடம் வந்து வேலை செய்யுங்களேன் என்றார்.

இப்படி ஒரு அதிர்ஷ்டத்தைத் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சார்னெட்ஸ்கி இருந்தது 4 அடிக்கு 4 அடி அளவுள்ள மீயொலி அழுத்தக் காற்றுச்சுரங்கத்தில். 60,000 குதிரைத்திறன் கொண்டு, ஒலியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் மாதிரிகள் மீது காற்றைப் பாய்ச்சும் இடம். மேரி அங்கே சோதனையைக் கண்ணால் பார்த்தார், கையால் நடத்தினார். எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இப்போது அவருக்குத் தெரியும். கொஞ்ச நாளில் சார்னெட்ஸ்கி அடுத்த யோசனையைச் சொன்னார்: பயிற்சியில் சேர்ந்து பொறியாளர் ஆகிவிடுங்கள்.

பயிற்சி என்றால் வேலை முடிந்த பின் நடக்கும் மேற்படிப்பு வகுப்புகள், கணிதமும் இயற்பியலும். வர்ஜீனியா பல்கலைக்கழகம் நடத்தியது. வகுப்பு நடந்த ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியோ வெள்ளையர்களுக்கு மட்டுமான பள்ளி. உள்ளே போய் உட்கார நகர நிர்வாகத்தின் சிறப்பு அனுமதி வேண்டும். மேரி மனுப் போட்டார், அனுமதி கிடைத்தது, போனார். அத்தனை வருடமாகத் தன்னை வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்தப் பள்ளிக்கூடம் உள்ளே பார்த்தால் ஒரு பழைய, பாழடைந்த கட்டடம்! இதற்கா இவ்வளவு காவல் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது.

1958ல் அவர் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர். அதே வருடம் சார்னெட்ஸ்கியோடு சேர்ந்து எழுதிய முதல் அறிக்கையும் வந்தது, மீயொலி வேகத்தில் கூம்புகளின் மேல் காற்றோட்டம் எப்படி மாறுகிறது என்பது பற்றி.

மனு என்ற அந்த ஒரு செயலைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பள்ளிகளில் பிரிவினை ஒழிய வேண்டும் என்பதில் மேரிக்குக் கருத்து இல்லாமல் இருக்காது. ஆனால் மனுவில் கேட்டது அது இல்லை. இந்த வகுப்பில், இந்த நேரத்தில், எனக்கு ஓர் இடம் என்பதுதான். கேட்கப்பட்டவர் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்லக்கூடிய அளவுக்குச் சிறிய கோரிக்கை. 'எனக்கு வளர்ச்சி வாய்ப்புகள் வேண்டும்' என்று மேலதிகாரியிடம் கேட்டால் அவர் தலையாட்டுவார். அதற்கு 'ஆம்' சொல்வது சுலபம். சொன்ன பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. மேரி கேட்டது அப்படி நழுவ முடியாத கேள்வி.

கேத்தரின்: கூட்டத்துக்கு வரலாமா

கேத்தரின் ஜான்சன் 1953ல் சேர்ந்தார். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது ஒரு உறவினர் வழியாக. 18 வயதில் பட்டம் வாங்கியவர், மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் குடும்பம், ஆசிரியர் வேலை என்று இருந்தவர். மேற்குப் பிரிவில் உட்கார்ந்து இரண்டே வாரத்தில் தலைவர் டோரதி அவரை விமானப் பறத்தல் ஆய்வுப் பிரிவுக்குத் தற்காலிகமாக அனுப்பினார்.

தற்காலிகம் என்றால் எவ்வளவு நாள் என்று யாருக்கும் தெரியாது, எல்லா அலுவலகத்திலும் போலவே. மாதங்கள் ஓடின. ஆள் அங்கே, பதவி இங்கே. கேத்தரின் தானாகப் போய்ச் சண்டை போடவில்லை. டோரதி போனார். பிரிவின் தலைவர் ஹென்றி பியர்சனிடம், ஒன்று சம்பளத்தை உயர்த்தி அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் என்னிடம் திருப்பி அனுப்புங்கள் என்றார். பியர்சன் வைத்துக்கொண்டார். தன் வளர்ச்சிக்குத் தானே பொறுப்பு என்பதை எல்லாவற்றையும் தனியாகச் செய்வது என்று புரிந்துகொள்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பொறுப்பு உங்களுடையதாக இருக்கலாம். பேசுகிற வாய் சில சமயம் இன்னொருவருடையதாக இருந்தால்தான் வேலை நடக்கும். அப்படிப் பேச ஒருவர் முன்வர வேண்டுமானால், அவர் துணிந்து பந்தயம் வைக்கும் அளவுக்கு நம் வேலை இருக்க வேண்டும்.

அங்கே கேத்தரின் செய்தது இரண்டு காரியம். ஒன்று, கேள்வி கேட்டார். ஒரு சிறிய விமானம் விழுந்ததற்குப் பெரிய விமானம் விட்டுச்சென்ற காற்றுச் சுழல் காரணம் என்று கண்டறிந்த ஆய்வில் அவரும் கணக்குப் போட்டவர். எண்ணை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்காமல் அது ஏன், இது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது காரியம்தான் பெரிது. பொறியாளர்கள் உள்ளே உட்கார்ந்து அறிக்கைகளை அலசும் கூட்டங்களுக்குத் தானும் வரலாமா என்று கேட்டார். பெண்கள் போவதில்லை என்றார்கள். போகக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. வழக்கம்தான் இருந்தது. விடாமல் கேட்டு, 1958ல் உள்ளே போய் உட்கார்ந்தார்.

அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1957 அக்டோபரில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியிருந்தது. விமானம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அறைகள் விண்வெளி பற்றிப் பேச ஆரம்பித்திருந்தன. அதில் யாரும் இன்னும் நிபுணர் இல்லை. புதிய வேலை பிறக்கும் அறையில், எல்லோரும் முதல் பாடத்தில் இருக்கும் நேரத்தில் உட்காரக் கிடைத்த நாற்காலி அது. ஐந்து வருடம் கழித்துக் கிடைத்திருந்தால் கதை வேறு.

டெட் ஸ்கோபின்ஸ்கி என்ற பொறியாளரோடு சேர்ந்து, பூமியில் குறித்த ஓர் இடத்துக்கு மேலே செயற்கைக்கோள் வந்து சேர என்ன கோணத்தில் ஏவ வேண்டும் என்பதற்கான சமன்பாடுகளை எழுதினார். ஸ்கோபின்ஸ்கிக்கு வேறு இடத்துக்குப் போகும் அவசரம். பியர்சனுக்கோ அறிக்கை முடிய வேண்டும். கேத்தரின் முடிக்கட்டும், பெரும்பகுதி வேலையை அவர்தான் செய்தார் என்று ஸ்கோபின்ஸ்கி சொல்லிவிட்டார். 1960ல் வந்த அந்த அறிக்கையில் கேத்தரினின் பெயர் இருந்தது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அச்சானது அதுவே முதல் முறை. 1962ல் விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றப் போவதற்கு முன், மின்னணுக் கணினி கொடுத்த எண்களைக் கேத்தரின் கையால் சரிபார்க்க வேண்டும் என்று கேட்டது எல்லோரும் சொல்லும் கதை. என்னைக் கேட்டால், அதைவிட 1958ன் அந்த நாற்காலிதான் முக்கியம்.

டோரதி: அறையே காணாமல் போகும்போது

நால்வரில் எனக்கு நெருக்கமானவர் டோரதி. அவர் கதையில்தான் நம் காலத்து வாடை அதிகம்.

பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்தவர், 1943 டிசம்பரில் லாங்லிக்கு வந்தார். போர் முடியும் வரைக்குமான வேலை என்றுதான் நினைத்திருந்தார். 1949ல் மேற்குப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார், என்.ஏ.சி.ஏ.வின் முதல் கறுப்பின மேற்பார்வையாளர். எந்த வேலைக்கு எந்தப் பெண் சரியாக வருவார் என்று பொறியாளர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். கடினமான கணக்கென்றால் நீங்களே போடுங்கள் என்பார்கள். கணக்கு இயந்திரங்களில் இயற்கணித முறைகளைப் போடுவதற்கான கையேடு ஒன்றை, வெள்ளைக் கம்ப்யூட்டர்களான வேரா ஹக்கல், சாரா புல்மன் ஆகியோரோடு சேர்ந்து தொகுத்தார். தன் பிரிவுப் பெண்களுக்காக மட்டுமல்ல, தகுதி இருந்தும் உயர்வு கிடைக்காத மற்ற பிரிவு வெள்ளைப் பெண்களுக்காகவும் போய்ப் பேசினார்.

அதே நேரத்தில் வளாகத்துக்குள் மின்னணுக் கணினிகள் வந்துகொண்டிருந்தன. 1957ல் ஐ.பி.எம். நிறுவனம் 704 என்ற தன் கணினிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. ஒரு சூத்திரத்தைக் கிட்டத்தட்டச் சூத்திரமாகவே எழுதினால் இயந்திரம் புரிந்துகொள்ளும். ஓர் அறை நிறையப் பெண்கள் செய்துகொண்டிருந்ததை அது செய்யும். 1958ல் நாசா உருவானபோது பிரிவினை வசதிகளை ஒழித்தார்கள். மேற்குக் கணக்குப் பிரிவும் மூடப்பட்டது. நியாயமான முடிவு, நெடுநாள் வேண்டி நின்ற முடிவு. ஆனால் அந்த ஒரே கையெழுத்தில் டோரதியின் பதவியும் போனது. தலைமை தாங்க அறை இருந்தால்தானே தலைவர்.

அப்போது அவருக்கு வயது 47. ஏறத்தாழப் பத்து வருடம் தலைவராக இருந்தவர் புதிய இடத்தில் பலரில் ஒருவர். இந்த இடத்தில் நின்றுபோனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய பதவியின் நினைப்பிலேயே மிச்ச வருடங்களை ஓட்டுவார்கள். டோரதி ஃபோர்ட்ரான் கற்றார், கூட வேலை பார்த்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். புதிதாக அமைந்த பகுப்பாய்வு, கணக்கீட்டுப் பிரிவில் நிரல் எழுதுபவரானார். சிறிய செயற்கைக்கோள்களை ஏவும் ஸ்கவுட் ராக்கெட் திட்டத்தில் அவர் பங்கு உண்டு. அவருடைய பழைய அறையிலிருந்து பலர் அவரோடு அந்தப் பிரிவுக்கு நகர்ந்தார்கள்.

இரண்டு விஷயம் இதில் பேச வேண்டியது. அவர் கற்றது அழகுக்காக ஒரு சான்றிதழ் இல்லை. தன் வேலையை எந்த இயந்திரம் வாங்கிக்கொள்ளப் போகிறதோ அந்த இயந்திரத்தின் மொழியைக் கற்றார். கணக்கு அவருக்கு ஏற்கெனவே தெரியும். எந்தச் சமன்பாட்டை எந்த வரிசையில் போட வேண்டும், விடை எங்கே தடம் புரளும் என்பது கைப்பழக்கம். புதியது மொழி மட்டும். அதனால் அவருடைய பழைய அனுபவம் கழிவாகாமல் முதலாக மாறியது. இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவைப் பார்த்துப் பதறி, தன் துறைக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு வகுப்பில் பணம் கட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உங்கள் வேலையில் எந்தத் துண்டு இயந்திரத்துக்குப் போகிறது? அந்தத் துண்டின் விடை சரியா தவறா என்று சொல்லத் தெரிந்தவர் யார்? பெரும்பாலும் இதுவரை அதைக் கையால் செய்துவந்தவர்தான்.

இரண்டாவது, கற்றுக்கொடுத்தது. போட்டி என்று நினைத்திருந்தால் மறைத்து வைத்திருக்கலாம். தனியாக ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் அவர் ஒரு விதிவிலக்கு. ஒரு குழுவே தெரிந்து வைத்திருந்தால் அது ஒரு பிரிவின் பலம், மூடுவது கஷ்டம்.

ஆனால் இந்தக் கதைக்குச் சினிமா முடிவு கிடையாது. மீண்டும் ஒரு மேலாளர் பதவிக்கு டோரதி முயன்றார். கிடைக்கவில்லை, கடைசி வரை. 1971ல் 28 வருடப் பணியோடு ஓய்வு பெற்றார். பிற்காலத்தில், முடிந்ததை மாற்றினேன், முடியாததைத் தாங்கிக்கொண்டேன் என்று சொன்னார்.

கிறிஸ்டின்: ஒரே படிப்பு, இரண்டு வேலை

கிறிஸ்டின் டார்டன் அடுத்த தலைமுறை. 1967ல் சேர்ந்தபோது தனி மேசைகள் போய்விட்டன, பழக்கம் போகவில்லை. பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலை முடித்தவரைக் கணக்குக் குழுவில் உட்கார வைத்தார்கள். அதே மாதிரிப் படித்த ஆண்கள் நேராகப் பொறியாளர்களாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சில வருடம் பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் போய், ஏன் இப்படி என்று கேட்டார். 1973ல் பொறியியல் பிரிவுக்கு மாற்றினார்கள். மீயொலி விமானம் பறக்கும்போது தரையில் கேட்கும் இடிச்சத்தத்தை எப்படிக் குறைப்பது என்பதற்கு நிரல் எழுதுவது முதல் வேலை. அதிலேயே 25 வருடம் ஆய்வு. 1983ல் முனைவர் பட்டம். பின்னாளில் லாங்லியிலிருந்து அரசின் மூத்த நிர்வாகப் பணிக்கு உயர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணும் இவர்தான்.

ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அதில் புகார் தொனி இல்லை, ஓர் ஒப்பீடு இருந்தது: இந்தப் படிப்பு, இந்த வேலை, அதே படிப்பு, அந்த வேலை. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கேட்கப்பட்டவர் பக்கம் போய்விட்டது.

கையில் இருந்ததும் இல்லாததும்

நான்கையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இது. பதவி இவர்கள் யார் கையிலும் இல்லை. மேரிக்கும் இல்லை: பொறியாளர் ஆனபின் இரண்டு பத்தாண்டுகள் உழைத்து, ஒரு டஜன் அளவுக்கு அறிக்கைகள் எழுதியும், நிர்வாகப் படிகளுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. 1979ல் ஒரு காரியம் செய்தார். தன் தரத்தைத் தானே குறைத்துக்கொண்டு, பெண் ஊழியர்களின் வேலை வாய்ப்பைக் கவனிக்கும் திட்ட மேலாளர் பதவிக்கு மாறினார். 1985ல் ஓய்வு பெறும் வரை அடுத்து வரும் பெண்களை எடுப்பதும் உயர்த்துவதும்தான் வேலை. இதைத் தோல்வி என்பதா, வளர்ச்சி என்பதா? சம்பளத் தரத்தை வைத்துப் பார்த்தால் இறக்கம். தான் முட்டி நின்ற சுவர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நகர்த்தக்கூடிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்று பார்த்தால் வேறு மாதிரி. எனக்கு இரண்டாவது பார்வையில் சாய்வு உண்டு. ஆனால் அந்த முடிவை எடுத்த நாளில் அவருக்கு வலித்திருக்காது என்று சொல்ல மாட்டேன்.

இவர்கள் கையில் இருந்தது, அடுத்த வேலை எங்கே நடக்கிறதோ அதற்குப் பக்கத்தில் போய் நிற்பது. மேரி காற்றுச்சுரங்கத்துக்குப் போனார், கேத்தரின் கூட்டத்துக்கு, டோரதி கணினிக்கு, கிறிஸ்டின் பொறியியல் பிரிவுக்கு. யாரும் முதலில் பதவியைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பில் இடம், கூட்டத்தில் நாற்காலி, பிரிவு மாற்றம் என்று இடத்தைத்தான் கேட்டார்கள். பெயரும் பதவியும் வந்தவர்களுக்கு அப்புறம் வந்தது, வராதவர்களுக்கு வரவில்லை. இடம் மாறியதால் கிடைத்த அறிவும் வேலையும் மட்டும் நால்வருக்கும் தங்கியது.

இதற்கெல்லாம் மேலாண்மைத் துறையில் 'ஜாப் கிராஃப்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொடுத்த வேலையின் எல்லையை ஊழியரே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வரைவதை ஏமி ரெஸ்னெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001ல் விரிவாக எழுதினார்கள். பெயர் வருவதற்கு 40 வருடம் முன்பே லாங்லியில் அது நடந்துகொண்டிருந்தது.

இந்த ஆய்வில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தது வெளியே வந்த நால்வரை. அந்த அறைகளில் உட்கார்ந்திருந்த மற்றவர்களில் எத்தனை பேர் இதே கேள்வியைக் கேட்டு 'இல்லை' என்ற பதிலோடு திரும்பினார்கள்? அவர்களைப் பற்றி அறிக்கையும் இல்லை, விருதும் இல்லை. சார்னெட்ஸ்கி எதிரே வராத மேரிகள் இருந்திருப்பார்கள். அதனால் 'கேட்டால் கிடைக்கும்' என்ற சூத்திரத்தை இதிலிருந்து எடுக்க முடியாது. கேட்காத ஒருவரையும் அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. அந்த அளவுக்கு மட்டும்தான் எடுக்கலாம். வேலியைக் கட்டிய நிர்வாகத்தின் பொறுப்பும் இதனால் குறையாது. 'உன் வளர்ச்சிக்கு நீயே பொறுப்பு' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, தன் பங்கை உதறிவிட்டுச் சொல்கிறதா என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

நம் மேசைக்குக் கொண்டுவந்தால்

என் அப்ரைசல் படிவத்தில் 'அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சி இலக்கு' என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று வருடம் தொடர்ந்து அதில் 'தலைமைப் பண்பை மேம்படுத்துதல்' என்று எழுதினேன். மூன்று வருடமும் மேலதிகாரி 'நல்லது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் மீது குறை இல்லை. அந்த வரிக்கு வேறு என்ன எழுத முடியும்?

இந்த நால்வரையும் படித்த பிறகு அந்தக் கட்டத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முதலில் தேட வேண்டியது, என் மேசைக்கு வந்து போகும் தாள் எந்த அறையில் முடிவாகிறது என்பது. பல வருடமாக ஒரு வாராந்தர அறிக்கை தயாரிக்கிறேன். அதை யார் படிக்கிறார், படித்துவிட்டு என்ன தீர்மானிக்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. விசாரித்தேன். வேறொரு பிரிவில் மாதம் ஒரு முறை கூடுகிறார்கள், அதில்தான் அது மேசைக்கு வருகிறது. என் அறிக்கையில் பாதியை இப்போது ஒரு மென்பொருளே தயாரித்துவிடும் என்ற பேச்சும் அங்கேதான் நடக்கிறதாம். அதுவும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் கோரிக்கையைச் சுருக்கினேன். கேட்கப்படுபவர் ஒரு நிமிடத்தில் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று சொல்ல முடிய வேண்டும். அவருக்குச் செலவு குறைவாக இருக்க வேண்டும். மறுத்தால், காரணம் விதியா வழக்கமா என்று திருப்பிக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இருக்க வேண்டும். எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் யார் என்று யோசித்தபோது ஒரே ஒரு பெயர்தான் வந்தது. பட்டியல் அவ்வளவு சின்னது என்பதே ஒரு செய்தி. அதைச் சரிசெய்ய ஒரு வருடம் போதாது.

இந்த முறை கட்டத்தில் தலைமைப் பண்பு இல்லை. அந்த மாதாந்தரக் கூட்டத்தில் மூன்று முறை உட்கார்ந்து கேட்க அனுமதி, அந்த மென்பொருள் தரும் அறிக்கையை என் அறிக்கையோடு ஒப்பிட்டுத் தவறுகளைப் பட்டியலிடும் வேலை என்று இரண்டு வரி. படிவத்தைப் பார்த்த மேலதிகாரி இந்த முறை 'நல்லது' என்று எழுதவில்லை. பேனாவை வைத்துவிட்டு, ஏன் அந்தக் கூட்டம் என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம். அடுத்த கூட்டத்துக்கு வரலாம் என்றிருக்கிறார், பின்வரிசையில்.